அறுபத்திரண்டு நூல்கள்

பிழை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அச்சகத்தில் காலையிலிருந்து மாலை வரை, அடுத்தவர் எழுதியதில் எங்கே கால் விட்டுப்போயிருக்கிறது, எங்கே கொம்பு விட்டுப்போயிருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பேன். அப்பேர்ப்பட்ட நான், அந்த வருஷத்தின் மிகப் பெரிய பிழை என் கண்ணெதிரே கொடியில் காய்ந்துகொண்டிருந்தபோது, "கிளிப் போதுமா அக்கா, இன்னும் கொண்டாரவா?" என்று கேட்டுக்கொண்டு நின்றேன். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தையல் மாஸ்டர் வீட்டு மாடியில் அப்போது நான் குடியிருந்தேன். கீழே முன்னறை வாரத்தில் ஆறு நாள் தையல் கடை, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மட்டும் அறக்கட்டளை. வாசலில் தொங்கும் பலகையின் ஒரு பக்கம் 'சட்டை, பேன்ட் தைக்கப்படும்' என்றிருக்கும். மறுபக்கம் 'மலைப்பள்ளி உதவி அறக்கட்டளை'. சனிக்கிழமை கடை கட்டும்போது மாஸ்டர் பலகையைத் திருப்பிவிடுவார். சில திங்கட்கிழமைகளில் மறுபடி திருப்ப மறந்துவிடுவார். அந்த நாட்களில் பேன்ட் கிழிந்தவர்கள் தயங்கித் தயங்கி உள்ளே வந்து, "இது இலவசமா, கூலி உண்டா?" என்று கேட்டதுண்டு.

அறக்கட்டளை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தலைவர் கார்டு சார், தைக்க மாஸ்டர், அவருக்குத் துணையாக அவர் மனைவி, கடிதம் எழுத நான். அவ்வளவுதான். கார்டு சார் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். மலையடிவாரத்தில் அவருடைய சரக்கு ரயில் சிக்னலுக்காகத் தினமும் கால் மணி நேரம் நிற்குமாம். தண்டவாளத்தை ஒட்டி மேல்சட்டை இல்லாமல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைப் பதினோரு வருஷம் பார்த்தவர், ஓய்வுபெற்ற மறுவாரமே மாஸ்டரிடம் வந்து நின்றார். விசில் மட்டும் இன்னும் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. கூட்டம் தொடங்க ஒரு விசில், முடிய ஒரு விசில். நடுவில் யாராவது ஊர்வம்பு பேசினால் அதற்கும் ஒன்று.

வருஷத்துக்கு ஒரு முறை அந்த மலைப்பள்ளிக்கு வான நீலத்தில் சட்டைகள் போகும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி. ஒவ்வொரு சட்டையிலும் காலருக்கு உள்பக்கம் அந்தப் பிள்ளையின் பெயரை மாஸ்டரின் மனைவி சிவப்பு நூலால் தைப்பார். கும்பலுக்குக் கொடுத்த சட்டையாக இருக்கக் கூடாது, அவரவருக்குத் தைத்த சட்டையாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அளவு வருவதுதான் வேடிக்கை. முதல் வருஷம் பள்ளியிலிருந்து அளவுகளை எண்ணாக எழுதி அனுப்பினார்கள். பாதி அங்குலம், பாதி சென்டிமீட்டர். எது எதுவென்று எழுதியவருக்கே தெரியவில்லை. மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த வருஷம் ஒரு கண்டு பருத்தி நூலை அனுப்பிவைத்தார். பொட்டலம் கட்டுகிற, முறுக்கின நூல். பிள்ளைக்கு ஒரு நூல். தோளுக்கு ஒரு முடிச்சு, மார்புக்கு ஒரு முடிச்சு, நீளத்துக்கு ஒன்று, கைக்கு ஒன்று. நுனியில் அழியாத மையில் பெயர் எழுதிய துணித்துண்டு.

"எண்ணை எழுதுறப்ப கை தப்பும். நூல் எப்படித் தப்பும்?" என்று மாஸ்டர் கேட்பார். அந்த நூல்கள் வந்துவிட்டால் வீட்டில் ஒருவரும் தொடக் கூடாது. அது அவர் போட்ட சட்டம்.

மாஸ்டரின் மனைவியைத் தெருவில் எல்லோரும் வாளியக்கா என்பார்கள், அவர் காது கேட்காத தூரத்தில். அழுக்கென்று ஒன்று இருந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. நான் கழற்றிப் போட்ட செருப்பைக் கழுவி வைத்திருக்கிறார். கூட்டத்துக்கு வந்த கார்டு சாரின் குடையைத் துவைத்து, அவர் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனதும் நடந்திருக்கிறது.

அந்த வருஷம் நூல்கள் மழையோடு வந்தன. மலைக்குச் சாமான் ஏற்றிப் போகும் லாரிக்காரர் ஒரு தகர டப்பாவை இறக்கிக் கொடுத்தார். வழியில் மூடி திறந்துகொண்டிருந்தது. உள்ளே அறுபத்திரண்டு நூல்களும் செம்மண் குழம்பில் ஊறிக் கிடந்தன. மாஸ்டர் பொத்தான் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார்.

நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தபோது அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. வாளியில் சோப்பு நுரை.

"மாடித் தம்பி, மழை விட்டுடுச்சு. கொடியில கொஞ்சம் இடம் பண்ணிக் குடுங்க" என்றார்.

"மாஸ்டர் கேட்டா?"

"கேட்டா சொல்லிக்கலாம். இந்தச் சேத்தோட மேசையில வச்சா புதுத்துணியில அப்பிக்காதா? பாருங்க, பேரு ஒண்ணுகூட அழியலை. என்ன மைன்னு தெரியலை, நல்ல மை."

பெயர் அழிகிறதா என்று மட்டும்தான் இருவரும் பார்த்தோம். வேறு எதுவும் தோன்றவில்லை. வெயில் வந்தது. அறுபத்திரண்டு நூல்களும் மல்லிகையாய் வெளுத்துக் கொடியில் ஆடின. நான் கிளிப் மாட்டினேன். சாயங்காலம் மாஸ்டர் திரும்புவதற்குள் அவற்றைச் சுருட்டி டப்பாவில் போட்டுவிட்டோம்.

மறுநாள் காலை மாஸ்டர் டப்பாவைத் திறந்தார். ஒரு நூலை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். ஒரு கணம் என்னவோ யோசித்தார். பிறகு துணியை விரித்தார். துணியை முந்தின வாரமே ஊறவைத்துக் காயவைத்திருந்தார். தைத்த பிறகு சுருங்கக் கூடாதே என்று, நனைக்காத துணியில் அவர் கத்திரி வைத்ததே கிடையாது. அந்தக் கவனத்தைத்தான் பிற்பாடு நினைத்து நினைத்து நொந்துகொண்டார்.

மூன்று வாரம் அந்த முன்னறையில் வேறு பேச்சே இல்லை. மாஸ்டர் வெட்டித் தைத்துத் தள்ள, அக்கா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணருகே காலரைப் பிடித்துப் பெயர் தைப்பார். தைக்கும்போது பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்வார். "இது துறுதுறுன்னு இருக்கும்போல. இது அழுமூஞ்சி" என்று பார்த்தேயிராத பிள்ளைகளுக்கு ஜாதகம் கணிப்பார். மதியத்துக்கு ரொட்டியும் வெங்காயம் போட்டுப் பொரித்த முட்டையும். துணியில் எண்ணெய் பட்டுவிடுமென்று எங்களை வாசற்படியில் உட்காரவைத்துத்தான் தட்டைக் கொடுப்பார். அந்த மூன்று வாரமும் அச்சகத்துக்கு நான் நேரத்துக்குப் போன நாட்கள் குறைவு.

சட்டைகள் லாரியில் ஏறிப் போயின. பத்தாம் நாள், சனிக்கிழமை மாலை, அதே லாரியில் மூட்டைகள் திரும்பி வந்தன. கூடவே டீச்சரும். மலைப்பள்ளியின் ஒரே டீச்சர். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முழங்கால் வரை சேறு.

"மாஸ்டர், ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. பசங்க வளர்ந்துட்டாங்க போல" என்று ஒரு சட்டையைப் பிரித்தார். "கை எட்டலை. பொத்தான் பூட்டலை."

"எத்தனை பேருக்கு?"

டீச்சர் சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "எல்லாருக்கும்."

மாஸ்டர் டப்பாவை எடுத்தார். காலரில் இருந்த பெயரைப் பார்த்து, அந்த நூலைத் தேடி எடுத்துச் சட்டைமேல் வைத்தார். தோள் சரி. மார்பு சரி. கை சரி. முடிச்சுக்கு முடிச்சு, தையலுக்குத் தையல், அச்சுப் போல உட்கார்ந்தது. அவர் நூலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நூலுக்குச் சட்டை சரியாத்தான் இருக்கு டீச்சர்" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

டீச்சரின் முகம் வாடிவிட்டது. "அப்ப நான் அளந்ததுதான் தப்பு."

மாஸ்டர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சமையலறை வாசலில் நின்ற அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

டீச்சர் குளிக்கப் போனதும் அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்தார்.

"தம்பி, நூல் சுருங்குமா?"

"சுருங்கியிருக்கே அக்கா."

"ரெண்டு விரல் சுருங்கியிருக்கு. வெந்நீர்ல போட்டேனே, பாவி." அடுப்பை மூட்டினார், அணைத்தார். "நான் சொல்லிடுவேன். எனக்கொண்ணும் பயமில்ல. ஊரே வாளியக்கான்னு கூப்பிடுதுன்னு எனக்குத் தெரியாதா? இன்னொரு கதை சேரும், அவ்வளவுதானே. ஆனா, 'என் வீட்ல ஒருத்தரும் நூலைத் தொட மாட்டாங்க'ன்னு கார்டு சார்கிட்ட இவரு அடிச்சுச் சொல்லியிருக்காரு. அதைக் கேட்டுத்தான் அந்த மனுஷன் வேலையை இங்கயே விட்டுவச்சிருக்காரு. இனிமே வேற கடைக்குக் குடுத்துட்டா? வருஷம் பூரா ஊரான் பேன்ட்டுக்கு ஜிப்பு மாத்துறவரு தம்பி இவரு. இந்த மூணு வாரம்தான் நிமிர்ந்து உக்காந்து தைக்கிறாரு."

அக்கா டீச்சரின் சேற்றுத் துணியை எடுத்து வாளியில் போட்டு, கும்மு கும்மென்று கும்மினார். குளித்துவிட்டு வந்த டீச்சர் பதறிப்போய், "ஐயோ விடுங்கக்கா, எங்கம்மாகூட எனக்கு இப்படித் துவைச்சதில்ல" என்றார். அக்கா நிமிரவே இல்லை.

மறுநாள் பிற்பகல் பலகை திரும்பித் தொங்கியது. நீலத்துணி விரித்த மேசைக்குப் பின்னால் கார்டு சார் உட்கார்ந்து விசில் ஊதினார். மாஸ்டர் தன் தையல் மிஷின் ஸ்டூலில், டீச்சர் வாடிக்கையாளர் பெஞ்சில், நான் மூட்டைகளின்மேல். நடந்ததைக் கார்டு சார் இரண்டு முறை கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டார்.

"டீச்சர், நான் கோவமாப் பேசலை, முறையாப் பேசறேன். வருஷத்துக்கு ஒரு தடவைதான் துணி கிடைக்குது. ஆத்தங்கரைப் பள்ளிக்கூடத்துல மூணு வருஷமா கேக்குறாங்க. அங்க ஒழுங்கா அளந்து அனுப்ப ஆள் இருக்கு. அடுத்த வருஷத்திலேர்ந்து அவங்களுக்குப் போகட்டும்னு எழுதிக்கிறேன்."

"சார்..." டீச்சர் எழுந்துவிட்டார். "தப்பு என்னுதுதான் சார். ராத்திரி பூரா யோசிச்சேன். நூலைச் சுத்தினா பசங்களுக்குக் கூச்சம், நெளிவாங்க. நான் இழுத்துப் பிடிச்சிருப்பேன். அதுக்காகப் பசங்களை விட்டுடாதீங்க. உன் பேர் போட்ட சட்டை வரும்னு சொல்லித்தான் பாதிப் பேரை ஆட்டுப் பட்டியிலேர்ந்து கூட்டிட்டு வந்தேன். வேணும்னா வேற டீச்சரைப் போடச் சொல்லி நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன். அளக்கத் தெரிஞ்சவங்களா வரட்டும்."

மாஸ்டர் மிஷினின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார். ஊசி வெறுமனே ஏறி இறங்கியது. நான் வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அக்கா டீத் தட்டோடு வந்தார். "இதை யாராவது வாங்குங்க" என்றார். நான் வாங்கினேன். இரண்டு கையையும் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர் இழுத்துப் பிடிக்கலை. நான்தான் துவைச்சேன்."

"எதைம்மா?" என்றார் கார்டு சார்.

"நூலை. அறுபத்திரண்டையும். வெந்நீர்ல, சோப்புப் போட்டு. அதுதான் சுருங்கிடுச்சு."

கார்டு சாரின் கை விசிலை நோக்கிப் போய், பாதி வழியில் நின்றுவிட்டது. இதற்கு எந்த விசில் என்று அவருக்கே தெரியவில்லை.

"கொடியில போட்டது நான்" என்றேன், கையில் டீத் தட்டோடு. அந்த நேரத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார் மாஸ்டர்.

அக்கா திரும்பினார். "என்ன தெரியும்?"

"டப்பாவைத் திறந்ததுமே சோப்பு வாசம் அடிச்சுது."

"தெரிஞ்சுமா வெட்டுனீங்க?"

"அன்னிக்கு உறைக்கலைடி. நனைக்காத துணியில கத்திரி வைக்காதவன் நான். நூலும் பருத்திதானேன்னு இந்த மண்டையில ஏறலை. நேத்து டீச்சர் சட்டையைப் பிரிச்சப்பதான் ஏறுச்சு."

"நேத்தே ஏறிடுச்சு. ஏறியும் பேசாம இருந்து அந்தப் பொண்ணு மேல போட்டீங்க."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "உன் மேல போட வாய் வரலை."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவர் விடுவாரா?

"ஏன் வராது? உப்பு கம்மின்னா வருது, செருப்பு நனைஞ்சா வருது. முப்பது வருஷமா வந்த வாய் நேத்து எங்க போச்சு?"

டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்தது. மாஸ்டர் எழுந்தார். கடைக்கு யார் வந்தாலும் ஸ்டூலை விட்டு எழாத மனுஷன்.

"டீச்சர், உங்க அளவு சரி. தப்பு என் வீட்ல. தெரிஞ்சும் நேத்து நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன் பாருங்க, அது நூல் சுருங்கினதைவிடப் பெரிய தப்பு. மன்னிச்சுக்கணும்." பிறகு கார்டு சாரிடம், "வேலையை வேற கடைக்கு மாத்தணும்னா மாத்துங்க சார். பள்ளிக்கூடத்தை மாத்தாதீங்க" என்றார்.

கார்டு சார் நோட்டைப் பார்த்தார். "எழுதினதை அடிச்சு எனக்குப் பழக்கமில்ல" என்றார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். "சிவப்புப் பேனா குடு. அடிக்கிறது உங்க ஆபீஸ்ல எப்படின்னும் சொல்லு." அந்த வரியை அடிக்க நான் சொல்லிக்கொடுத்தேன். நான் திருத்திய பிழைகளிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

அடித்தாயிற்று, சட்டைக்கு என்ன வழி? லாரி மறுபடி மலைக்குப் போக நான்கு நாள்தான் இருந்தது. டீச்சர் விக்கலுக்குத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"உயர வரிசையில நிக்க வச்சா, ஒருத்தர் சட்டை பத்து ஆள் முன்னாடி நிக்கிறவங்களுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு. போட்டுப் பார்த்தேன். ஆனா போட்டுக்க மாட்டேங்கிறாங்க. 'இது என் பேர் இல்ல'ன்னு ஒரே அழுகை. பத்தலைன்னாலும் பரவாயில்ல, என் பேர் போட்டதுதான் வேணுமாம். ஒருத்தன் பொத்தானே பூட்டாம நாள் பூரா நின்னான்."

அக்காவின் முகம் மலர்ந்ததை நான் அப்போது பார்த்தேன். மூன்று வருஷமாகத் தைத்த பெயர்களுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பதில் வந்திருந்தது.

"பேர்தானே? பிரிச்சுட்டு மாத்தித் தைச்சாப் போச்சு. நீங்க வரிசையைச் சொல்லுங்க டீச்சர்."

அன்று மாலையே உட்கார்ந்துவிட்டோம். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளைகளின் உயர வரிசையைக் கடைசிக் குட்டியிலிருந்து ஒப்பித்தார். நான் எழுதினேன். கார்டு சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பிளேடு முனையால் சிவப்பு நூலைப் பிரித்தார். இருபதாவது சட்டையில் விரலைக் கீறிக்கொண்டார். ஒரு பொட்டு ரத்தம் காலரில் பட்டது. சொல்லவா வேண்டும், அக்கா கையில் வாளி வந்துவிட்டது. "பச்சைத் தண்ணியில, பச்சைத் தண்ணியில!" என்று நாங்கள் நால்வரும் ஒரே குரலில் கத்தினோம்.

எல்லாரையும் பத்து இடம் தள்ளியதில் உயரமான பத்துப் பேருக்குச் சட்டை இல்லாமல் போயிற்று. மிச்சத் துணியில் எட்டுத் தேறியது. மாஸ்டர் டேப்பை விரித்து இப்படியும் அப்படியும் போட்டுப் பார்த்தார். ஒன்பதாவது வரவில்லை. கார்டு சார் என்ன நினைத்தாரோ, தன் நோட்டு, பேனா, விசில் எல்லாவற்றையும் மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மேசை விரிப்பும் அதே வான நீலம்தான், முதல் வருஷத் துணி.

"இதுல ரெண்டு வராதா?" என்றார்.

வந்தது. விரிப்பின் மைக்கறையைச் சட்டையின் உள்மடிப்பில் போகும்படி மாஸ்டர் வெட்டினார்.

கடைசியில் மேசைமேல் பத்துக் குட்டிச் சட்டைகள் மிஞ்சின. பெயர் பிரித்த காலர்களில் ஊசித் துளைகள் மட்டும் இருந்தன. இவற்றை என்ன செய்வது என்று கார்டு சார் கேட்டார். டீச்சர் தயங்கினார்.

"தம்பி தங்கச்சிங்க இருக்கு சார். பதிவேட்டுல பேர் கிடையாது, வயசு பத்தாது. அக்கா இடுப்புல உக்காந்து வரும், அண்ணன் தோள்ல வரும். ஓரமா உக்காந்து பார்த்துட்டுப் போகும். அதுங்களுக்கும் நூல் அனுப்பக் கூச்சமா இருந்துச்சு, கேட்டா அதிகம்னு நினைப்பீங்களோன்னு."

அக்கா ஊசியில் சிவப்பு நூலைக் கோத்தார். "பேரைச் சொல்லுங்க."

டீச்சர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அக்கா ஒவ்வொன்றையும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லித் தைத்தார். பத்தாவது, போன மாதம்தான் நடக்கத் தொடங்கிய குழந்தை. சட்டை அதன் கணுக்கால் வரை வரும் என்றார் டீச்சர். "வளர்ந்துக்கும்" என்றார் மாஸ்டர்.

மறுவருஷம் வேறு கடைக்கு மாற்றும் பேச்சைக் கார்டு சார் எடுக்கவில்லை. புது மேசை விரிப்புக் கேட்டதோடு சரி. மழைக்காலத்தில் லாரிக்காரர் தகர டப்பாவை இறக்கினார். இம்முறை மூடியைக் கம்பி போட்டு இறுக்கியிருந்தது. மாஸ்டர் திறக்க, அக்கா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நின்று பார்த்தார். எழுபத்திரண்டு நூல்கள். மேலே ஒரு சீட்டு. எனக்குத்தான் கண் நன்றாகத் தெரியும் என்று என்னைப் படிக்கச் சொன்னார்கள்.

"அக்காவுக்கு: இந்த நூலை வெந்நீரில் சோப்புப் போட்டு இரண்டு முறை துவைத்து, காயவைத்து, அதற்குப் பிறகுதான் அளந்திருக்கிறேன். போன வருஷம் ஓரமாக உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் இப்போது வரிசையில் நிற்கிறார்கள்."

அக்கா சீட்டை வாங்கி, தானும் ஒருமுறை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நூல்களை எட்டிப் பார்த்தார். "ஒரே புழுதியா இருக்குங்க" என்றார், மெதுவாக.

மாஸ்டர் ஒரு நூலை எடுத்து டேப் வைத்து அளந்து, அளவைச் சுவரில் பென்சிலால் குறித்தார். பிறகு மொத்தக் கட்டையும் எடுத்து அக்காவின் கையில் வைத்தார்.

"போ, ஆசை தீர ஒரு அலசு அலசு. நான் தண்ணி சுட வைக்கிறேன்."

அன்று மத்தியானம் நான் மறுபடி கிளிப் மாட்டினேன். காய்ந்ததும் மாஸ்டர் அந்த நூலைக் கொண்டுபோய்ச் சுவரில் குறித்த அளவோடு ஒத்துப் பார்த்தார். இம்மியும் குறையவில்லை.